டீச்சர் வேலையை விட்டாச்சு, வீட்டிலிருந்தே மாதம் ஆறாயிரம் வர வழி உண்டா?

கொழிஞ்சாம்பாறை கணக்கு | 9 ஜூன் 2024, இரவு 10.40

வணக்கம். இந்த இணைய மன்றத்தில் ரொம்ப நாளாக வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஊர் கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். எல்லை தாண்டி, தமிழ்நாட்டில் பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது வருடம் கணக்கு எடுத்தேன், ஆறு முதல் எட்டு வரை. காலை 6.40க்கு வேன் ஏறினால் திரும்ப வீட்டுப் படி மிதிக்க மாலை 5.30 ஆகும். மார்ச்சோடு விட்டுவிட்டேன். ஜனவரியில் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறுகிறது. மகனுக்கு நாலு வயது. கணவர் கொப்பரைக் களத்தில் கணக்கு எழுதுகிறார். தேங்காய் வரத்து இருந்தால் முழுச் சம்பளம், இல்லாவிட்டால் பாதி.

கடைசியாக நான் வாங்கியது 18,000. அது திரும்ப வரும் என்ற ஆசையெல்லாம் இல்லை. மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் மாதம் 4,000 போகிறது. அதற்கு மேல் ஒரு இரண்டாயிரம் என் கையில் இருந்தால் போதும்.

கிடைக்கிற நேரம்: மதியம் 2 முதல் 3.30 வரை, மாமியார் தூங்கும்போது. சாயங்காலம் 4.30 முதல் 6.30 வரை ஹாலில் இருக்கலாம், ஆனால் நடுவில் எழுந்து போக வேண்டி வரும். இரவு 9க்கு மேல் சும்மாதான்.

படிப்பு பி.எஸ்சி. கணிதம், பி.எட். பத்தாவது வரை இங்கேயே தமிழ் மீடியம். மலையாளம் எழுதவும் படிக்கவும் வரும். பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது, சார்ஜரைச் சொருகியே வைத்திருந்தால் ஓடும்.

இங்கே பள்ளி 3ஆம் தேதியே திறந்துவிட்டது, அந்தப் பக்கம் நாளைக்குத்தான். வேன் ஹாரன் கேட்டால் இன்னும் கை தானாகப் பையைத் தேடுகிறது. சரி, அது கிடக்கட்டும். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேலந்தாவளம் மாவுக்கடை | 9 ஜூன் 2024, இரவு 11.05

வாங்க டீச்சர். எல்லோரும் முதலில் உங்களுக்கு மாவு வியாபாரத்தைத்தான் சொல்லுவார்கள். அதை ஆறு வருடமாகச் செய்பவள் சொல்கிறேன், வேண்டாம்.

பதிவு ஒன்றும் கஷ்டமில்லை. வருட விற்பனை 12 லட்சத்துக்குக் கீழே இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் சாதாரணப் பதிவு போதும், வருடத்துக்கு 100 ரூபாய்தான். கிரைண்டர் வாங்கக் கோவைக்குப் போனால் ஆயிற்று. கஷ்டமெல்லாம் நேரத்தில்தான் இருக்கிறது. விடிகாலை 4 மணிக்கு ஊறவைத்ததை எடுத்து, ஆட்டி, உப்புப் போட்டு, மழைக்காலத்தில் புளிக்கவில்லை என்று அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, வெயில் காலத்தில் பொங்கி வழிகிறது என்று பாத்திரம் மாற்றி... படுத்திருக்கிறவரை வைத்துக்கொண்டு இது ஆகாது. அரிசி, உளுந்து, கரண்ட் எல்லாம் போக எனக்கு ஒரு நாளைக்கு 150 நின்றால் நல்ல நாள்.

ஓணத்துக்கு உப்பேரி, சர்க்கரைவரட்டி, தீபாவளிக்கு முறுக்கு என்று சீசனுக்குச் செய்தால் அது வேறு கணக்கு. எல்லையில் இருப்பதால் நமக்கு இரண்டு சீசன். ஆனால் அதை மாத வருமானம் என்று சொல்ல முடியாது.

நீங்கள் கணக்கு டீச்சர். வீட்டு வாசலில் பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

மீனாட்சிபுரம் மணி | 10 ஜூன் 2024, காலை 6.50

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டைப் பார்க்க வேண்டும் என்றுதானே வேலையை விட்டீர்கள்? அப்புறம் வீட்டுக்குள்ளேயே இன்னொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டால் இரண்டும் கெடும். ஒரு வருடம் சிக்கனமாக ஓட்டிப் பாருங்கள். நாலாயிரம் பெரிய தொகை இல்லை.

வேலந்தாவளம் மாவுக்கடை | 10 ஜூன் 2024, காலை 7.15

பெரிய தொகை இல்லை என்றால் நீங்களே மாதாமாதம் அனுப்பிவிடுங்களேன் மணி.

காற்றாடி | 10 ஜூன் 2024, மதியம் 1.20

அக்கா, எந்த வேலை தேடினாலும் தேடுங்கள், ‘வீட்டிலிருந்தே டைப்பிங், படிவம் நிரப்பும் வேலை’ பக்கம் மட்டும் போகாதீர்கள். நான் போனேன்.

பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தபோது வாட்ஸ்அப்பில் வந்தது. பதிவுக்கு 2,500 கட்டச் சொன்னார்கள், கட்டினேன். ஐந்து நாளில் 600 படிவம் நிரப்ப வேண்டும், 90 சதவீதம் சரியாக இருந்தால் 18,000 என்றார்கள். கண் எரிய எரிய முடித்தேன். 87 சதவீதம் என்று பதில் வந்தது. எங்கே தப்பு என்று காட்டவே இல்லை. அதோடு விட்டார்களா? ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், 7,000 கட்டாவிட்டால் கோர்ட்டுக்கு வரவேண்டும் என்று வக்கீல் முத்திரை போட்ட நோட்டீஸ் ஒன்று செல்போனுக்கு வந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் சொல்லவும் பயம். கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணன்தான் அதைப் பார்த்துச் சிரித்தார். அந்த வக்கீல் நோட்டீஸில் கோர்ட்டின் பெயரே தப்பாக இருந்தது.

1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்தேன். பணம் போய் மூன்று வாரம் ஆகிவிட்டதால் திரும்ப வரவில்லை. போன உடனே கூப்பிட்டால் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு என்றார்கள். ஹோட்டலுக்கு ஸ்டார் போடு, வீடியோவுக்கு லைக் போடு என்று டெலிகிராமில் வருவதும் இதே கூட்டம்தான். முதலில் 150 ரூபாய் நிஜமாகவே போடுவார்கள், அதில்தான் ஆள் விழுவது.

வேலை கொடுக்கிறவன் நம்மிடம் பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும்.

சித்தூர் மாஷ் | 10 ஜூன் 2024, இரவு 8.30

அம்மணி, நான் பாலக்காட்டுச் சித்தூரில் ஓய்வு பெற்ற தமிழ் மீடியம் ஹைஸ்கூல் மாஷ், அதாவது வாத்தியார். புது வருமானத்தைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். உனக்கு வரவேண்டிய பழைய பணத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே. பணிக்கொடை (கிராஜுவிட்டி) வாங்கினாயா?

தனியார் பள்ளியில் இருப்பவர்கள் பலர் அது அரசு வேலைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பணிக்கொடைச் சட்டம் 1972இல் வந்தது. ஆசிரியர்கள் அதில் வரமாட்டார்கள் என்று 2004இல் ஒரு தீர்ப்பு வந்தது. அதற்காகவே 2009இல் சட்டத்தைத் திருத்தி, 3.4.1997 முதலே ஆசிரியர்களுக்கும் உண்டு என்று ஆக்கினார்கள். தனியார் பள்ளிகள் அதை எதிர்த்துப் போயின. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் போதும், ராஜினாமா செய்தாலும் உண்டு.

கணக்கு உனக்குச் சொல்லித்தர வேண்டாம். கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து, அதை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்கு. இரண்டும் சேர்ந்து 13,000 என்றால் வருடத்துக்கு 7,500. ஒன்பது வருடத்துக்கு 67,500.

பணிக்கொடை விண்ணப்பப் படிவத்தை நிரப்பிப் பதிவுத் தபாலில் பள்ளிக்கு அனுப்பு. 30 நாளுக்குள் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது. உனக்கு அது தாண்டிவிட்டது. ஆனால் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக உரிமை போய்விடாது, மாமியார் உடல்நிலையைக் காரணமாக எழுது. அவர்கள் கொடுக்காவிட்டால் தொழிலாளர் துறையில் மனு. பள்ளி எங்கே இருக்கிறதோ அந்த ஊர் அலுவலகம்தான், பாலக்காட்டுக்கு ஓடாதே, கோவைக்குப் போ.

ட்யூஷனைப் பற்றி ஒரு வார்த்தை. வேலையில் இருக்கும் ஆசிரியர் தனி ட்யூஷன் எடுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் 28ஆம் பிரிவில் இருக்கிறது. நீ வேலையில் இல்லை. யாராவது பயமுறுத்தினால் இதைச் சொல்.

கொழிஞ்சாம்பாறை கணக்கு | 10 ஜூன் 2024, இரவு 10.15

மாஷ், நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், இது எனக்குத் தெரியவே தெரியாது. போகும்போது, இனிப் பாக்கி எதுவும் இல்லை என்கிற ‘நோ ட்யூஸ்’ காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு சால்வை போர்த்தி அனுப்பினார்கள். சம்பளச் சீட்டை இப்போது எடுத்துப் பார்த்தேன். அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்த்து 12,480. அப்படியானால் 64,800 வருகிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது இடிக்குமா?

சித்தூர் மாஷ் | 10 ஜூன் 2024, இரவு 10.40

கையெழுத்து வாங்கிச் சட்ட உரிமையைப் பறிக்க முடியாது அம்மணி. அந்தச் சட்டத்திலேயே அது எழுதியிருக்கிறது, 14ஆம் பிரிவு. தபால் ரசீதைப் பத்திரமாக வை.

நகரி நூல்காரி | 11 ஜூன் 2024, மாலை 4.00

நான் இதற்கு நேர் எதிர்ப்பக்க எல்லையில், ஆந்திராவில் நகரி. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் வரும். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் டீச்சர், இப்போது எட்டு வருடமாக வீட்டில் ட்யூஷன்.

ட்யூஷனில் பாடம் சொல்லித்தருவது சுலபம், காசு கேட்பதுதான் கஷ்டம். பள்ளியில் நாம் காசைத் தொட்டதே இல்லை. ஆபீஸ் ரூம் வாங்கும், நமக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வரும். வீட்டில் அப்படி இல்லை. தினம் பூ வாங்குகிற பூக்காரம்மா, எதிர்வீட்டு அக்கா, இவர்களிடம் வாயைத் திறந்து ‘முந்நூறு ரூபாய் தாங்க’ என்று சொல்ல வேண்டும். முதல் வருடம் நான் கேட்கவே இல்லை. கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். வருடக் கடைசியில் எழுதிப் பார்த்தால் பாதிக்கு மேல் வரவில்லை.

அப்புறம் இரண்டு மாற்றம் செய்தேன். முதலாவது, மாதக் கட்டணத்தை வாரக் கட்டணமாக்கினேன். தறிக் கூலி எங்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவை. கூலி வாங்கின மறுநாள் எந்த வீட்டிலும் 75 ரூபாய் இருக்கும். மாதம் முதல் தேதி 300 எந்த வீட்டிலும் இருக்காது. அதே பணம், அதே ஆட்கள்.

இரண்டாவது, கவர். பிள்ளையின் பெயர் எழுதிய சின்ன பிரவுன் கவர். கடைசி நாள் புத்தகப் பையில் வைத்து அனுப்பிவிடுவேன். கவரின் மேல் தேதி எழுத ஐம்பது கட்டம் இருக்கும். கொடுத்த தேதியில் என் கையெழுத்து. கொடுக்காத தேதி காலியாகக் கிடக்கும். நான் ஒன்றுமே கேட்பதில்லை, அந்தக் காலிக் கட்டம் கேட்டுக்கொள்ளும். யாரிடமும் முகம் சுளிக்க வேண்டி வரவில்லை.

உங்கள் ஊரில் என்ன கூலி, எப்போது வருகிறது என்று பார்த்து நாளை வையுங்கள்.

மீனாட்சிபுரம் மணி | 11 ஜூன் 2024, மாலை 5.10

இப்போது எல்லாம் செல்போன் ஆப்பில் படிக்கிறார்கள். ட்யூஷனுக்கு யார் வருவார்கள்?

நகரி நூல்காரி | 11 ஜூன் 2024, மாலை 5.25

செல்போனைக் கையில் கொடுத்தால் பிள்ளை என்ன பார்க்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். அதனால்தான் வருகிறார்கள்.

வண்டிப்பெரியார் வாசகி | 12 ஜூன் 2024, இரவு 9.30

இரவு 9க்கு மேல் சும்மா இருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த நேரத்தை அப்படியே விட்டு வைப்பதுதான் நல்லது என்பேன். ஆனாலும் சொல்கிறேன். மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலை உண்டு. நான் மூன்று வருடமாகச் செய்கிறேன், எஸ்டேட் லயத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு.

ஏஜென்சிகள் வார்த்தைக்கு 50, 60 பைசா என்று ஆரம்பிக்கும். முதலில் 300 வார்த்தை சோதனை கொடுப்பார்கள், அது சரி. 3,000 வார்த்தையைச் சோதனை என்று கேட்டால் அது இலவச வேலை, செய்யாதீர்கள். மலையாளம் பேசத் தெரிவதும் மொழிபெயர்க்கத் தெரிவதும் வேறு வேறு. ‘அவசரம்’ என்றால் அங்கே வாய்ப்பு. ‘சம்சாரம்’ என்றால் பேச்சு. நமக்கு எல்லையில் பிறந்ததால் இதெல்லாம் தெரியும், மெட்ராஸ்காரர் மாட்டிக்கொள்வார்.

பணம் வர 45 நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனம் வருடத்துக்கு ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். வருமானம் குறைவாக இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம். முதல் வருடம் அது தெரியாமல் 4,100 ரூபாயைக் கோட்டை விட்டேன்.

கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் உள்ள பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுத 1969 ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் மலையாளத்திலும் ஒன்று இருந்தால் காகிதம் சீக்கிரம் நகரும் என்று மக்கள் நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் ஒரு அண்ணன் இரண்டு மொழியிலும் மனு எழுதிக் கொடுத்தே குடும்பம் நடத்துகிறார்.

சரவணம்பட்டி வாசி | 13 ஜூன் 2024, காலை 11.00

நான் வண்ணாமடையில் பிறந்தவன், வேலைக்காக இப்போது கோவை. இந்த இழையை என் மனைவிதான் காட்டினாள். ஒரு விஷயம் தோன்றியது.

எங்கள் அபார்ட்மெண்ட்டில் ஒற்றப்பாலத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. பையனை ஆறாம் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க், தமிழில் மட்டும் 11. தமிழ்நாட்டில் 2006 சட்டத்துக்குப் பிறகு பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். கோவையில் எத்தனை மலையாளக் குடும்பம்! சின்ன வகுப்பில் சேர்ந்தால் எப்படியோ சமாளிப்பார்கள், நடுவில் வந்து சேர்கிற பிள்ளைகள்தான் திண்டாடுகிறார்கள். தமிழ் ட்யூஷன் எடுப்பவர்களுக்கு மலையாளம் தெரியாது. ‘நெடில் போடு, ஒற்றுப் போடு’ என்றால் அந்தப் பையன் முழிக்கிறான்.

இரண்டு மொழியிலும் எழுதத் தெரிந்த டீச்சர் ஒருத்தர் வீடியோ காலில் கிடைத்தால் அவர்கள் மணிக்கு 250 கொடுக்கத் தயார். நான் கேட்டே விட்டேன்.

கொழிஞ்சாம்பாறை கணக்கு | 13 ஜூன் 2024, மதியம் 2.30

நான் கணக்கு டீச்சர் அண்ணா. தமிழ் நான் எடுத்ததே இல்லையே.

சித்தூர் மாஷ் | 13 ஜூன் 2024, மதியம் 3.05

அந்தப் பையனுக்கு இலக்கியம் வேண்டாம் அம்மணி. எழுத்து வேண்டும். எடு.

கொழிஞ்சாம்பாறை கணக்கு | 22 செப்டம்பர் 2024, மதியம் 2.10

மூன்று மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தனிமடலில் விசாரித்தவர்களுக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன்.

வீட்டு ட்யூஷன் ஜூன் 24ஆம் தேதி மூன்று பிள்ளைகளோடு ஆரம்பித்தது. விளம்பரம் என்று ஒன்றும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் (பெண்கள் குழு) என் அம்மா சொன்னார், அவ்வளவுதான். இப்போது எட்டுப் பேர். ஐந்து பேர் நாலாம் வகுப்புக்குள், ஆளுக்கு 250. மூன்று பேர் யு.பி. (ஐந்து முதல் ஏழு வரை), ஆளுக்கு 400. நாலாம் வகுப்பு உதவித்தொகைக்கான எல்.எஸ்.எஸ். பரீட்சைக்குத் தமிழ் மீடியத்தில் நல்ல வழிகாட்டி கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது என்று இரண்டு பேரைக் கொண்டுவந்து விட்டார்கள். வினாக்களை நானே எழுதிக் கொடுக்கிறேன்.

ஆரம்பத்தில் ரொம்பச் சிரமமாக இருந்தது. ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெரியுமே, ஹாலில் ஒரு காகிதம் நிற்காது. ஆளுக்கொரு கல் கொண்டுவரச் சொன்னேன், ஒருவன் அம்மிக் குழவியையே தூக்கிவந்துவிட்டான். பள்ளியில் 42 பேரை ஒரே பாடத்தில் உட்காரவைத்துப் பழகியவள் நான். இங்கே எட்டுப் பேரும் ஐந்து வகுப்பு. முதல் மாதம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. இப்போது பெரியவன் சின்னவனுக்குச் சொல்கிறான், நான் பெரியவனைத் திருத்துகிறேன்.

நடுவில் எழுந்து போக வேண்டி வரும் என்று எழுதியிருந்தேன் அல்லவா. மாமியார் கட்டிலை ஹாலுக்கே மாற்றிவிட்டோம். பேச்சு இன்னும் தெளியவில்லை. ஆனால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும்போது கூடவே உதடு அசைகிறது. ஒரு நாள் ஏழேழு என்ற இடத்தில் எல்லோரும் நிற்க, கட்டிலிலிருந்து ‘நாப்பத்தொம்பது’ என்று வந்தது. பிசியோ அக்காவிடம் சொன்னேன். பழகிய வரிசை அப்படி வரும், தினமும் சொல்லவிடுங்கள் என்றார்.

நகரி அக்கா, உங்கள் கவர்தான் என்னைக் காப்பாற்றியது. முதல் மாதம் வாயால் கேட்டுப் பார்த்தேன். “அடுத்த மாசம் சேத்திக் குடுத்தர்றேனுங் டீச்சர்” என்று சொல்கிறவரிடம் நான் என்ன சொல்வது? ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து என்னையே திட்டிக்கொண்டேன். ஆகஸ்டிலிருந்து கவர். தோட்டத்து வேலைக்குப் போகிற இரண்டு வீட்டுக்கு வாரக் கணக்கு, மற்றவர்களுக்கு மாதக் கணக்கு. ஒரே ஒரு 400 பாக்கி நிற்கிறது.

கோவைப் பையனைப் பற்றி. சரவணம்பட்டி அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முதல் வகுப்பில் அவன் நோட்டைக் கேமரா முன் காட்டச் சொன்னேன். ‘னாய்’, ‘பன்து’, ‘நாந்’ என்று எழுதியிருந்தான். பழைய டீச்சர் எல்லாவற்றுக்கும் சிவப்பில் சுழித்துவிட்டிருக்கிறார், ஏன் என்று எழுதவில்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. மலையாளத்தில் ந, ன இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். அவன் காதுக்கு வித்தியாசம் தெரிகிறது, கைக்குத்தான் தெரியவில்லை. அவனிடம் கணக்கு மாதிரி விதி சொன்னேன். சொல் ஆரம்பத்தில் வந்தால் ந. ‘த’வுக்கு முன்னால் வந்தால் ந். மற்ற இடத்தில் பெரும்பாலும் ன. ஒரு பக்கம் முழுக்க எழுதினான், இரண்டே தப்பு. அவன் அம்மா பின்னால் நின்றுகொண்டு, இத்தனை நாள் யாரும் இதைச் சொல்லவில்லையே என்றார்.

இன்னொன்று, ‘டீச்சரே, இதில் ஏது க?’ (எந்த க?) என்று கேட்டான். மலையாளத்தில் நாலு ‘க’ இருக்கிறதே. நமக்கு ‘கல்’லிலும் ‘தங்க’த்திலும் ஒரே எழுத்து. தமிழில் எழுத்தைப் பார்க்காதே, பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார், மெல்லினம் நின்றால் சத்தம் குழையும் என்றேன். அதையும் அவன் அல்ஜீப்ரா மாதிரி எடுத்துக்கொண்டான். ழகரம் மட்டும் நம் ஊர்ப் பிள்ளைகளைவிட அவனுக்கு நன்றாக வருகிறது, அதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்.

காலாண்டுப் பரீட்சையில் தமிழ் 38 வாங்கினான். அவர்கள் மூலம் இன்னொரு பெண், ஏழாம் வகுப்பு. ஆளுக்கு வாரம் இரண்டு மணி, மாதம் 2,000. இரவு 7.30க்கு வகுப்பு, கணவர் அந்த நேரம் மாமியாருக்குச் சோறு ஊட்டிவிடுவார்.

ஆக வீட்டு ட்யூஷன் 2,450, ஆன்லைன் 4,000. நெட்டுக்கு 500 போனால் 5,950. கேட்டது ஆறாயிரம், ஐம்பது குறைகிறது.

பணிக்கொடை இன்னும் வரவில்லை. பள்ளியிலிருந்து ‘எங்கள் நிர்வாகத்தில் அந்த வழக்கம் இல்லை’ என்று ஒரு வரிப் பதில் வந்தது. மாஷ் சொன்னபடி கோவையில் மனு கொடுத்துவிட்டேன், அக்டோபரில் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் போனில் கேட்டார்கள், “உனக்கு வந்தா சொல்லு, நாங்களும் போடறோம்” என்று. வந்த பிறகு போட்டால் எப்படி, இப்போதே போடுங்கள் என்றேன். பார்க்கலாம்.

சித்தூர் மாஷ் | 22 செப்டம்பர் 2024, மாலை 6.00

அந்த ஒரு வரிப் பதிலைத் தொலைத்துவிடாதே. அதுதான் உனக்குச் சாட்சி. விசாரணைக்குப் போகும்போது நியமன ஆணை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகம் மூன்றையும் ஜெராக்ஸ் இரண்டு செட் எடுத்துக்கொள். காலை 10 மணிக்கு என்றால் 9.30க்கே போ.

உன் கையில் இன்னொரு தொழில் இருக்கிறது. இந்த எழுத்துப் பயிற்சிகளை ஒரு நோட்டாகச் சேர்த்து எழுதி வை. மலையாளம் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ். அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குத் தமிழ் மீடியத்தில் படிப்பவர்களும் நல்ல குறிப்பில்லாமல் தவிக்கிறார்கள், அது பிறகு.

காற்றாடி | 22 செப்டம்பர் 2024, இரவு 8.45

அக்கா, நானும் எங்கள் தெருவில் நாலு பேருக்கு எடுக்கலாம் என்று இருக்கிறேன். பி.எட். இல்லாமல் எடுத்தால் வருவார்களா?

கொழிஞ்சாம்பாறை கணக்கு | 22 செப்டம்பர் 2024, இரவு 9.20

வருவார்கள். மூன்றாம் வகுப்புவரை எடு, வீட்டுப்பாடம் முடித்து அனுப்பினாலே அம்மாக்களுக்குப் போதும். தெரியாத பாடத்தைத் தெரியும் என்று மட்டும் சொல்லாதே. கவரை முதல் நாளே கொடுத்துவிடு, என்னை மாதிரி ஒரு மாதம் தயங்காதே.

வேலந்தாவளம் மாவுக்கடை | 29 செப்டம்பர் 2024, இரவு 8.10

டீச்சர், அந்த 400 பாக்கி வந்துதா?

கொழிஞ்சாம்பாறை கணக்கு | 29 செப்டம்பர் 2024, இரவு 9.35

வந்தது அக்கா. கவரில் 300 ரூபாய், கூடவே பையன் கையில் ஒரு துணிப்பையில் நாலு தேங்காய். மீதிக்குச் சரியாகப் போயிற்று என்று அம்மா சொல்லச் சொன்னாராம். கொப்பரைக் களத்துக்காரர் வீட்டுக்குத் தேங்காய்! வாங்கி உள்ளே வைத்துவிட்டேன், நாளைக்குச் சட்னிக்கு ஆகும். கவரில் மட்டும் 300 என்றுதான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.